கறவை மாட்டுக்குக் கழுத்துப் பட்டை: இப்போதே வாங்கலாமா?

மாடு பருவத்துக்கு வந்தாலோ, நோய் தொடங்கினாலோ செல்போனுக்குத் தகவல் அனுப்பும் கழுத்துப் பட்டைகளும் கால் பட்டைகளும் நம் ஊர்ச் சந்தைக்கு வந்துவிட்டன. இஸ்ரேல் பால் பண்ணைகளில் இவை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை. ரெண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் உங்களுக்கு இது கட்டுபடியாகுமா?

மனிதர்களுக்கு மின்சாரம் கடத்தும் நூலில் நெய்த பனியன்கள் உண்டு. உடம்போடு ஒட்டியிருந்து இதயத் துடிப்பைச் சொல்லும். மாட்டிடம் அது எளிதல்ல. நடுவில் ரோமம் இருக்கிறது. சாணமும் கோமியமும் சேரும், தினமும் கழுவவும் வேண்டும். அதனால் விற்பனைக்கு வந்திருப்பது பெரும்பாலும் சாதாரணப் பட்டையில் பொருத்திய சிறு பெட்டிதான். அது அளப்பது அசைவை: எவ்வளவு நடந்தது, எவ்வளவு நேரம் அசை போட்டது என்று. நல்ல மாடு ஒரு நாளில் 7, 8 மணி நேரம் அசை போடும். அது திடீரென்று குறைந்தால், காய்ச்சலோ மடிநோயோ கண்ணுக்குத் தெரியும் முன்பே சந்தேகப்படலாம்.

பெரிய லாபம் சினைப் பிடிப்பில்தான். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், 12 முதல் 18 மணி நேரமே நிற்கும், பல மாடுகளுக்கு ராத்திரியில் வந்து போய்விடும். ஒரு பருவம் தவறினால், தீவனச் செலவு நாளுக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும் 3,150 ரூபாய் வீண்.

ஆனால் நம் மாடுகள் பாதி நாள் கட்டுத்தறியில் நிற்பவை. நடையை மட்டும் எண்ணும் கால் பட்டை அங்கே ஏமாற்றும். அசை போடுவதையும் சேர்த்துக் கணக்கிடும் கழுத்துப் பட்டையே தேவலை. எருமை வைத்திருப்பவர்கள் இன்னும் யோசியுங்கள். கோடையில் அது ஊமைப் பருவமாக வரும். எருமையில் சோதித்துப் பார்த்த கருவிதானா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

என் கருத்து: பத்து மாட்டுக்குக் கீழே இருந்தால் தனியாக வாங்க வேண்டாம். தகவல் வாங்கும் பெட்டி, மாதக் கட்டணம் எல்லாம் ஒருவர் தலையில் விழும். பால் சங்கம் மூலம் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பேரம் பேசலாம். பேட்டரி எத்தனை வருடம், பழுது பார்க்க யார் வருவார், தகவல் தமிழில் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அதுவரை விடியற்காலையும் இரவு படுக்கும் முன்பும் கால் மணி நேரம் தொழுவத்தில் நில்லுங்கள். கத்தல், அறையில் கண்ணாடி போன்ற ஒழுக்கு, மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்பது ஆகியவற்றைப் பாருங்கள். காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடச் சொல்லுங்கள்.