கல்லறையிலுமா ஜாதி?

கர்த்தர் முன் உயர்ந்தவன், தாழ்ந்தவன் இல்லையென்று பாதிரிமார் வாரந்தோறும் பிரசங்கம் செய்கின்றார்கள். மெத்தச் சரி. அப்படியானால் கோவிலுக்குள் சுவர் எதற்கு என்று கேட்கின்றோம்.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டி முடித்த கோவிலை, ஜாதிக்கொரு பக்கமாகக் கால்சட்டை போல இரண்டு கிளையாகக் கட்டினார்கள். பிற்பாடு தடுப்பை இடித்தபோது, உயர்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டேறினார்கள்! திருச்சியிலோ கல்லறைத் தோட்டத்திலேயே நடுச்சுவர் எழுப்பினார்கள். பிணத்துக்கும் தீட்டுண்டு போலும்!

ஜாதியைச் சபையைவிட்டு ஒழிக்கும்படி கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இலேயே உத்தரவிட்டார். பலனென்ன? 175 வருஷத்துக்குப் பின், 2008-இல், எறையூரில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதற்குக் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

இத்துன்பத்துக்குப் பிரசங்கியார் கொடுக்கும் மருந்து, "சிலுவையைச் சும, பரலோகத்தில் பலனுண்டு" என்பதே. சிலுவையைத் தோளில் ஏற்றியவன் முன்வரிசையிலே ஜெபிக்கின்றானே, அவனுக்கு என்ன உபதேசம்? பொறுமை அடிபட்டவனுக்கு மட்டுந்தானா?

1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவோ இவர்களைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கவில்லை. சர்க்காருக்கு இவன் கிறிஸ்தவன்; கிறிஸ்தவனுக்கு இவன் தீண்டாதவன்!

சபைக்குள் தீண்டாமையுண்டென்று இந்தியக் கத்தோலிக்க பிஷப்புகளின் பேரவையே 2016-இல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போதுமா? ஜாதி பார்ப்பவனுக்கு நற்கருணையில்லை, கலியாணமில்லை, கல்லறையில்லை என்று ஊர்தோறும் சொல்லிப் பார்க்கட்டும். காணிக்கை குறையுமென்று அஞ்சினால், வணங்குவது கர்த்தரையா, காசையா?

தாழ்த்தப்பட்ட தோழர்களே! மறுமைப் பலனுக்குக் காத்திராதீர்கள். இம்மையில் சம இடம் கேளுங்கள். கிடைக்காத இடத்தில் மண்டியிடாதீர்கள்.