பழைய உலாவிகளும் நமது ஜனங்களும்

இணையதளங்களை அமைப்போர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பொதுவான வேலைகளுக்கென முன்பே எழுதி வைக்கப்பட்ட நிரல் நூலகங்களை எடுத்தாளுகின்றனர். அந்நூலகங்கள் காலங்கடந்த உலாவிகளையும் ஆதரித்து வரவேண்டுமா என்ற பிரச்னை, நிரல் எழுதுவோரின் சொந்த விவகாரம் என்று பலர் எண்ணக்கூடும். அது தவறு. செஞ்சி வட்டத்து உழவர் ஒருவர் தம் நிலத்தின் பட்டாவைத் தம் கைப்பேசியிலேயே பார்க்கலாமா, அல்லது ஒரு நாள் வேலையை விட்டுப் பிறரிடம் காசு கொடுத்துப் பெறவேண்டுமா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

கைவிட வேண்டுமென்போர் கக்ஷியிலும் நியாயம் உண்டு. பழைய உலாவிகளின் குறைகளுக்காகச் சேர்க்கும் நிரல், புதிய கருவி வைத்திருப்பவர் தலையிலும் சுமையாக ஏறுகிறது. அபாயமோ இன்னும் பெரிது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையைத் தடுத்து நின்ற செஞ்சிக் கோட்டை, 1750-ல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படைக்கு ஒரே இரவில் வீழ்ந்தது. அக்கோட்டையை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது நமக்குப் பெருமையே. ஆனால் பாரம்பரியம் வேறு, பாதுகாப்பு வேறு. செய்தவரே பழுது பார்க்க மறுத்துவிட்ட உலாவியில் பணவிவகாரம் நடத்துவது காவலில்லாத வாயிலைத் திறந்து வைப்பதாகும்.

ஆனால், எது பழையது என்று தீர்மானிப்பவர் யார்? பிரௌஸர்ஸ்லிஸ்ட் என்ற கருவியைப் பல நூலகங்கள் பின்பற்றுகின்றன. உலக உபயோகத்தில் அரை சதவீதத்துக்கு மேற்பட்ட பதிப்புகளும், ஒவ்வோர் உலாவியின் கடைசி இரண்டு பதிப்புகளும் அதன் வழக்கமான விதியில் இடம்பெறும். அந்தச் சதவீதமோ பெரும்பாலும் பார்க்கப்பட்ட பக்கங்களின் கணக்கு, ஜனங்களின் கணக்கன்று. தினம் நூறு பக்கம் பார்ப்பவர் நூறாக எண்ணப்படுகிறார். மாதமொரு முறை பட்டா பார்ப்பவர் ஒன்றாகவே எண்ணப்படுகிறார். சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்க்கே பெரும்பாலும் வோட்டு என்றிருந்த 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தை இது நினைவூட்டவில்லையா? தலைக்கொரு வோட்டு என்ற தத்துவத்தை நிலைநாட்டிய தேசம், பக்கத்துக்கொரு வோட்டு என்பதை ஆராயாமல் ஏற்கலாகாது.

2017-ல் ஜியோ போன் வெளிவந்தபோது, 1,500 ரூபாய் முன்பணத்தில் கோடிக்கணக்கான எளியவர் கைக்கு இணையம் எட்டியது. அதன் உலாவியின் அடிப்படை 2016-ஆம் வருஷத்து பயர்பாக்ஸ் 48. வாங்கினவர் அதைத் தாமாகப் புதுப்பிக்க வழியில்லை. பழைய உலாவி அறியாத புதிய இலக்கணம் ஒன்று நுழைந்தாலும் அந்நிரல் முழுவதும் நின்றுவிடும். நிரலையே நம்பி எழுந்த தளம் வெறும் பக்கமாகத் தோன்றும். பிழை தம்முடையதென்றே அவர் நினைத்துத் திரும்புகிறார்.

ஊதியமின்றி நிரல் எழுதித் தருவோரை என்றென்றும் பழைய பாரத்தைச் சுமக்குமாறு நாம் நிர்ப்பந்திக்கவில்லை. விலகுவதற்கும் ஒரு முறை உண்டு. ஜேக்வெரி நூலகம் 2013-ல் தன் இரண்டாம் பதிப்பில் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 7, 8 ஆகியவற்றைக் கைவிட்டது. எனினும் அவற்றுக்காக முதற்பதிப்பு வரிசையை 2016 வரை கூடவே நடத்தி வந்தது. மற்ற நூலகங்களும் இவ்வாறு முன்னறிவிப்பும் தவணையும் தரவேண்டும்.

சர்க்காரின் கடமையோ வேறு. நூலகத்துக்குப் பிடிக்காத உலாவியை விடலாம். சர்க்காருக்குப் பிடிக்காத பிரஜை என்று ஒருவர் இருக்க முடியாது. பட்டா, ரேஷன், ஓய்வூதியம் முதலிய விஷயங்களைக் காட்டும் பக்கங்கள் நிரலின் உதவியின்றியே, வெறும் எழுத்தும் படிவமுமாக எந்தக் கருவியிலும் திறக்கவேண்டும். அலங்காரங்கள் அதற்கு மேல் வரட்டும். பண விவகாரத்துக்குப் பழைய உலாவி ஆகாதெனில், அதைத் தமிழில் தெளிவாகச் சொல்லி வேறு வழி காட்டவேண்டும். புதிய தளமொன்றை ஏற்குமுன், சென்னையிலுள்ள அதிகாரிகள் அதைச் செஞ்சிக் கிராமமொன்றில் பழைய கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். திறக்காவிட்டால், அதைக் கட்டினவருக்குப் பணம் கொடுக்கலாகாது.