குறையுள்ள வைரத்துக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

குட்டீஸ், நகைக்கடையில் வைரத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே சின்னப் புள்ளி தெரிந்தாலும் போச்சு, 'இது தோஷமுள்ள கல்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால், விஞ்ஞானிகள் சிலர் குறையுள்ள வைரத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அவர்கள் தேடும் குறை எந்த லென்ஸுக்கும் தெரியாது. அணு அளவே உள்ள குறை அது!

வைரம் என்பது வரிசை தப்பாமல் அடுக்கிய கார்பன் அணுக்கள். அந்த வரிசையில் ஓர் இடத்தில் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் அணு உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் குறை. அதன்மீது பச்சை லேசரைப் பாய்ச்சினால், அங்குள்ள எலெக்ட்ரான் சக்தி பெற்று ஒரு படி மேலே தாவும். கீழே இறங்கும்போது சிவப்பு ஒளியை உமிழும். எவ்வளவு? ஒரே ஒரு ஒளித்துகள்! மறுபடி மேலே ஏறினால்தான் அடுத்த துகள் வரும்.

டார்ச் லைட்டை ஒரு நொடி அடித்தாலே கோடி கோடிக்கும் அதிகமான ஒளித்துகள்கள் கொட்டுகின்றன. அதில் 'ஒன்றே ஒன்று' என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழியில், பாதி ஒளியை மட்டும் கடத்தும் கண்ணாடியை வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வோர் உணர்கருவியை நிறுத்துவார்கள். துகளைப் பாதியாக வெட்ட முடியாதே! அதனால் இந்தக் கருவி 'டிக்' என்றால் அந்தக் கருவி சும்மா இருக்கும். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகர விஞ்ஞானிகள் இப்படித்தான் வைரத்தைச் சோதித்தார்கள்.

சரி, இதற்கும் நாட்டு நடப்புக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. அப்பா செல்போனில் பணம் அனுப்பும்போது, அந்தத் தகவல் ரகசியப் பூட்டு போட்டுத்தான் போகிறது. வருங்காலக் குவாண்டம் கணினிகள் இன்றைய பூட்டுகள் பலவற்றை உடைத்துவிடும் என்ற பயம் உலக நாடுகளுக்கு இருக்கிறது. அதனால் பூட்டின் சாவியையே ஒளித்துகள்களில் அனுப்பப் பார்க்கிறார்கள். ஒரே துகளாகப் போனால், திருடன் அதைப் பிடித்துவிட்டால் அது போய்ச் சேராது. அளந்து பார்த்துவிட்டு வேறொன்றை அனுப்பினாலோ கணக்கில் பிழை விழும், குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு துகள் சேர்ந்து போனால்தான் ஆபத்து. ஒன்றைத் திருடிக்கொண்டு மற்றதை அனுப்பிவிடலாம் அல்லவா?

இப்போதுள்ள பல கருவிகளில் லேசரை மிக மங்கலாக்கி, சில தந்திரங்களோடு சமாளிக்கிறார்கள். அசல் 'ஒற்றைத் துகள் விளக்கு' கிடைத்தால் அந்தத் தலைவலி குறையும்.

மத்திய அரசும் 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் தகவல் தொடர்புக்கான மையம் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது!

அதற்காக, 'யாராலும் உடைக்க முடியாத ரகசியம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் உடனே நம்பிவிடாதீர்கள். துகள் ஒழுங்காகப் போனாலும், அதை அனுப்பும் கருவியில் ஓட்டை இருக்கலாம். வைரத்திலும் சிக்கல் உண்டு. நைட்ரஜன் குறை தரும் 100 துகள்களில் சுமார் 3 மட்டுமே துல்லியமாக ஒரே நிறத்தில் இருக்கும். மற்றவை பக்கத்து அணுக்களுக்குக் கொஞ்சம் சக்தியைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வருகின்றன. தூர தூரமாக உள்ள இரண்டு வைரங்களை இணைக்க, அச்சு அசலாக ஒரே மாதிரித் துகள்கள் வேண்டுமே!

அதனால்தான் அமெரிக்காவின் ஹார்வர்டு விஞ்ஞானிகள் நைட்ரஜனை விட்டுவிட்டு சிலிக்கானுக்கு மாறினார்கள். அதில் பெரும்பாலான துகள்கள் ஒரே நிறம். பாஸ்டன் பகுதியில் ஏற்கெனவே போட்டிருந்த 35 கிலோமீட்டர் கண்ணாடி இழை வழியாக இரண்டு வைரங்களை இணைத்து, 2024 மே மாதம் முடிவை வெளியிட்டார்கள். சபாஷ்தான்! ஆனால், அந்த வைரங்களை மைனஸ் 272 டிகிரிக்கும் கீழே குளிர வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய குளிர்ப்பெட்டியை எந்த வங்கிக் கிளையில் கொண்டுபோய் வைப்பது? அதற்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.