மண்ணின் போர்வை

தமிழகத்துக் கரும்பு வயல்களில் அறுவடை முடிந்ததும் எஞ்சிக் கிடப்பது தோகை. ஏக்கருக்கு 3 அல்லது 4 டன் அளவுக்கு அது பரந்து கிடக்கும். உழவர் பலர் அதற்குத் தீயிட்டு விடுவர். சிறிது நேரத்தில் வயல் கருகி வெறுமையாகும். மறுதாம்புப் பயிருக்கு இடம் ஒழிந்தது என்று அவர்கள் மனநிறைவு கொள்வர். ஒழிந்தது தோகை மட்டும் அன்று. அதிலிருந்த தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு புகையாய்ப் போய்விடுகிறது. பின்னர் அதே சத்தை யூரியா மூட்டையாக அவர்கள் விலை கொடுத்து வாங்குகின்றனர். இதனைச் சிக்கனம் என்று கூற இயலுமா?

தோகையை எரிக்காமல் மண்மேல் பரப்பி வைப்பதை மூடாக்கு என்பர். அது வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காப்பதோடு, தானும் மெல்ல மக்கி உரமாகிறது. இலையிலுள்ள சாம்பற்சத்து நாரோடு பிணைந்திராதது. ஆதலின் முதல் மழையிலேயே கரைந்து மண்ணுள் இறங்கிவிடும். தழைச்சத்தோ நுண்ணுயிர்களின் வாய்ப்பட்டே வெளிவர வேண்டும். காளான் இனங்களும் பாக்டீரியாக்களும் இலையைச் சிதைக்கின்றன. கறையானும் மண்புழுவும் அவற்றுக்குத் துணை நிற்கின்றன. குளிர்நாட்டில் நெடுங்காலம் கிடக்கும் சருகு நம் வெப்பத்திலும் ஈரத்திலும் விரைந்து மக்கிவிடும். அவ்விரைவினாலேயே இம்மண்ணில் மட்கு நிலைத்துத் தங்குவதும் இல்லை. ஆண்டுதோறும் இட்டே ஆகவேண்டும்.

மூடாக்கு இட்டபின் பயிர் வெளுத்துவிட்டது என்று குறை கூறும் உழவரும் உளர். அதனை அறியாமை என்று தள்ளுவது முறையன்று. தோகையிலும் வைக்கோலிலும் தழைச்சத்து 1 பங்கு எனின் கரிச்சத்து 80 பங்கு அளவில் இருக்கும், அதனினும் மிகுவதுண்டு. இத்தகைய உணவை உண்ணும் நுண்ணுயிர்கள், தம் உடல் வளர்ச்சிக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பயிருக்கு உரியது சில காலம் அவற்றினிடம் கடனாக நிற்கிறது. அவை மடிந்த பின்னரே திரும்புகிறது. தோகையை மண்ணோடு கலந்து உழுதுவிட்டால் இக்கடன் இன்னும் பெருகும். மேலே பரப்பி வைப்பதே நன்று.

கிளைரிசிடியாத் தழையின் இயல்பு வேறு. அதில் கரிச்சத்து 15 பங்கை ஒட்டியே இருக்கும். ஆதலின் சில வாரங்களில் மக்கித் தழைச்சத்தைத் தந்துவிடும். ஆயின் அதனை மட்டும் இட்டால் மண் விரைவில் மீண்டும் வெறுமையாகும். தோகை போர்வையாகட்டும், வரப்பில் வளர்த்த கிளைரிசிடியாவின் தழை அதனுடன் சேரட்டும்.

தீயிடுவதைவிட இதற்குக் கூலி மிகுதி என்பது மெய்யே. அச்செலவு முழுவதையும் சிறு உழவர் தலையில் சுமத்துதல் நேர்மையாகாது. தோகையை நறுக்கும் பொறிகளைக் குறைந்த வாடகைக்கு அளிக்கும் பொறுப்பினைச் சர்க்கரை ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்றல் வேண்டும். அதுவும் வெட்டு முடிந்த சில நாட்களுக்குள்ளேயே பொறி வயலுக்கு வந்தாக வேண்டும்.