வீட்டுத்தோட்டம்: திராட்சைக் கொடியில் வெட்டுக்காயம்



யாழ்ப்பாணத்தில் திராட்சைப் பந்தலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. தோட்டம் பார்த்த கணவரை இழந்து, பந்தலைத் தனியே பராமரிக்கும் சகோதரிகளும் நம்மிடையே உள்ளனர். கூலிக்கு ஆள் பிடித்துக் கத்தரிக்கும்போது, அவசரத்தில் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் காயமே அடிமர நோய் நுழையும் வாசல்.

ஒரு பக்கக் கிளை மட்டும் துளிர்க்காமல் நின்றாலோ, இலைகள் சிறுத்துச் சுருண்டாலோ, அக்கிளையைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே ஆப்பு வடிவில் கபில நிறம் தெரிந்தால் பெரும்பாலும் பங்கசு நோயே காரணம்.

இப்பங்கசின் வித்திகள் மழையோடும் காற்றோடும் பரவிப் புதிய காயத்தில் விழுகின்றன. திராட்சையின் காயம் எமது தோல்போல ஆறி மூடுவதில்லை. வெட்டிய இடத்திலிருந்து மரம் உள்நோக்கிக் காய்ந்துபோகும். காயம் பெரிதானால் காய்வதும் ஆழமாகும். காயங்களை ஒரே பக்கமாக வைத்தால் மறுபக்கத்தில் சாறு தடையின்றி ஓடும் என்பதைப் பிரான்சில் ரெனே லஃபோன் 1921 இலேயே எழுதினார்.

கவனிக்க வேண்டியவை:

1. மழை நாளில் கத்தரிக்க வேண்டாம். குறிப்பாக ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வானம் வெளித்த நாட்களைத் தெரிவு செய்யுங்கள்.

2. வேண்டாத கிளையைத் தடிக்க விடாமல் இளங்கொடியாக இருக்கும்போதே அகற்றுங்கள்.

3. முதிர்ந்த கிளையை அடிமரத்தோடு ஒட்ட வெட்டாதீர்கள். அதன் தடிப்பளவு நீளத்துக்கு ஒரு துண்டு விடுங்கள்.

4. காயங்கள் இரு பக்கமும் எதிரெதிரே அமையாமல் பாருங்கள்.

5. பெரிய காயங்களுக்கு உடனே பூச்சுப் பூசுங்கள். எதைப் பூசுவது என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

6. வெட்டிய தடிகளைப் பந்தலின் கீழ் குவிக்காமல் எரித்துவிடுங்கள்.

நோய் கண்ட கொடியை உடனே பிடுங்கிவிடாதீர்கள். கபில நிறம் முடிந்து நல்ல மரம் தெரியும் இடத்துக்கும் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடியிலிருந்து வரும் நல்ல துளிர் ஒன்றைப் பந்தலுக்கு ஏற்றுங்கள். வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால், புதுக் கன்றைவிட இது விரைவில் காய்க்கும்.

கத்தரிக்க ஆள் வரும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். எங்கே, எப்படி வெட்ட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். கொடி உங்களுடையது, நட்டம் வந்தால் அதுவும் உங்களுடையதே.