சுகர் மாத்திரை கூடிக்கொண்டே போவது ஏன்? டாக்டர் சொல்ல நேரமில்லாத பதில்

"அரிசியைக் குறைச்சாச்சு, வாக்கிங் போறேன், மாத்திரையும் விடல. அப்புறமும் ஏன் சுகர் ஏறுது?"

பல வருடங்களாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவர்களின் கேள்வி இது. டாக்டரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இன்னொரு மாத்திரையும், "கன்ட்ரோலா இருங்க" என்ற அட்வைஸும்தான். கோபம் வருவது இயல்பு.

புதுச்சேரியில் எவ்வளவு பேர்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 'இண்டியாப்' ஆய்வு முடிவுகள் 2023-ல் வெளியாகின. அதன்படி, 20 வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேசிய அளவில் 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம், அதாவது நான்கில் ஒருவருக்கு மேல். கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். அரியாங்குப்பத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் சுகர் மாத்திரை இருக்கும் வீடுகள் சில இருக்கும் என்று இதை வைத்தே ஊகிக்கலாம்.

தப்பு நோயாளி மேலா?

எப்போதும் அப்படி இல்லை. டைப் 2 சர்க்கரை நோய் பொதுவாக வருடங்கள் போகப் போகத் தீவிரமாகும். 5,102 நோயாளிகளை வைத்து பிரிட்டனில் 20 ஆண்டுகள் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வு இதைக் காட்டியது. நோய் கண்டுபிடிக்கப்படும்போதே, இன்சுலின் சுரக்கும் செல்களின் திறன் சுமார் பாதி போயிருக்கிறது. ஒரே மருந்தில் ஆரம்பித்தவர்களில், 9 ஆண்டுகள் கழித்தும் அதை மட்டும் வைத்தே சுகரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

அதனால் மருந்து கூடுவதும் இன்சுலினுக்கு மாறுவதும் நோயாளி தோற்றுப்போனதற்கான அடையாளம் அல்ல. இதை யாரும் விளக்காதபோதுதான் "மருந்தே வேலை செய்யல" என்று சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. அதே ஆய்வில், மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி அளவு 1 புள்ளி குறைந்தபோது, கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன.

டாக்டர் ஏன் விளக்குவதில்லை?

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017-ல் 'பிஎம்ஜே ஓபன்' இதழில் வந்தது. முதல்நிலை சிகிச்சையில் ஒரு நோயாளியை டாக்டர் பார்க்கும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம். இந்தியாவில் சுமார் 2 நிமிடம். அரியாங்குப்பத்திலிருந்து டவுனைத் தாண்டி கோரிமேடு ஜிப்மர் வரை போய், வரிசையில் காத்திருந்து, இவ்வளவு குறைந்த நேரத்தில் திரும்பினால் யாருக்கும் வெறுப்பு வரும். காய்ச்சலுக்கு அந்த நேரம் போதலாம். ஆயுள் முழுக்கத் தொடரும் நோய்க்குப் போதாது.

மனச்சோர்வும் இதில் ஒரு பகுதி

தினம் தினம் நோயோடு மல்லுக்கட்டுவதால் வரும் சலிப்புக்கு மருத்துவத்தில் 'டயாபடிஸ் டிஸ்ட்ரெஸ்' என்று பெயர். இதை அளக்க அமெரிக்காவில் 1995-ல் அறிமுகமான 20 கேள்விகள் கொண்ட படிவத்தில், "உங்கள் டாக்டர் மீது திருப்தி இல்லையா?" என்பதும் ஒரு கேள்வி. அதாவது, டாக்டர் மீதான எரிச்சலும் கவனிக்க வேண்டிய ஒரு அறிகுறிதான். சோர்வு தாங்க முடியாமல் போனால் மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை.

அந்த 2 நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது?

* கடைசி ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் இரண்டையும் போட்டோ எடுத்து மொபைலில் வையுங்கள். அப்பா, அம்மாவுக்கு இதைச் செய்து கொடுங்கள்.
* மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: மருந்தை ஏன் மாத்துறீங்க? என் ஹெச்பிஏ1சி டார்கெட் எவ்வளவு? கண், கால், சிறுநீரக டெஸ்ட் எப்போ?
* மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* டாக்டரை மாற்ற விரும்பினால் சிகிச்சை ஆவணங்களைக் கேளுங்கள். உள்நோயாளியாக இருந்தவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைகள்.

இவை நோயாளி தரப்பில் செய்யக்கூடியவை. நான்கில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ள ஊரில், விளக்கிச் சொல்ல ஆளும் நேரமும் ஒதுக்குவது அரசின் வேலை.