மாவுக்கட்டோடு முடியாத சிகிச்சை

குளியலறையில் வழுக்கிக் கையூன்றி விழுந்த பாட்டிக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு போடுகிறோம். சில வாரங்களில் கட்டைப் பிரித்ததும் மறந்துவிடுகிறோம். இவ்வளவு சின்ன அடிக்கு எலும்பு ஏன் முறிந்தது என்று பல வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பல மருத்துவர்களும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எலும்புப்புரை வீட்டுக்குள்ளேயே இருந்தும் கண்ணில் படாமல் போவது இப்படித்தான்.

எலும்பு உயிருள்ள பொருள். ஒருவகை செல்கள் பழையதைக் கரைக்க, வேறுவகை செல்கள் புதியதைக் கட்டுகின்றன. மாதவிடாய் நின்றபின் கட்டுவதை விடக் கரைப்பது மிஞ்சிவிடுகிறது. எலும்பின் கொலாஜனை அறுக்கும் நொதி கதெப்சின் கே. அதன் மரபணு பழுதாகிப் பிறந்தவர்களுக்கு எலும்பு அளவுக்கு மீறி அடர்ந்துபோவது 1996இல் தெரியவந்தது. அந்த நொதியைத் தடுத்தால் முதியவர்களின் எலும்பைக் காக்கலாமே என்று ஆய்வாளர்கள் இறங்கினார்கள். அப்படித் தடுக்க மெர்க் நிறுவனம் உருவாக்கிய ஒடனாகாடிப் என்ற மருந்தை 40 நாடுகளில், 65 வயது கடந்த 16,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். இடுப்பெலும்பு முறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் பக்கவாதம் கூடியது. 2016இல் நிறுவனம் மருந்தைக் கைவிட்டது.

அது சரியான முடிவு. சில நூறு பேரோடு சோதனையை நிறுத்தியிருந்தால் அந்த ஆபத்து பிடிபட்டிருக்காது. சோதனையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் மருந்தில்லாத மாத்திரையை விழுங்கியபடி ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்கு வந்துபோனார்கள். முன்பின் தெரியாத பெண்களைக் காப்பாற்றிய அந்தப் பாட்டிமார்களுக்கு மருந்துலகம் கடன்பட்டிருக்கிறது. தோற்ற சோதனையின் முடிவுகளையும் முழுதாக வெளியிடுவதுதான் அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. ஒடனாகாடிப் சோதனையின் முடிவுகள் 2019இல் அச்சேறின. எல்லா நிறுவனங்களுக்கும் இதுவே விதியாக வேண்டும்.

புது மருந்து வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டாம். 1995 முதல் புழக்கத்தில் உள்ள அலென்ட்ரோனேட் மருந்தும் வேறொரு நொதியைத் தடுத்தே எலும்பைக் காக்கிறது. வாரம் ஒரு நாள், விடிந்ததும் காபிக்கு முன்பே, ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இதை நினைவூட்டிப் பக்கத்தில் நிற்பது பிள்ளைகளின் வேலை. சிறுநீரகத்தையும் பல்லையும் பார்த்து, யாருக்கு இது ஏற்றது என்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. எலும்பு அடர்த்தி பார்க்கும் கருவியை ஏழைக்கும் எட்டும் தூரத்தில் வைப்பது அரசின் வேலை.

உங்கள் வீட்டில் ஐம்பது கடந்தவர் யாராவது லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு இருக்கிறாரா? கட்டுப் பிரிக்கும் நாளில், "எலும்பு அடர்த்தி பார்க்கணுமா டாக்டர்?" என்று கேட்காமல் வீடு திரும்பாதீர்கள்.